பிரஷ்களுக்கு ஒரு நாள் லீவு

கல்லூரியில் படிக்கும் என் மகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஏதாவது வந்தால், பருப்புப் பொடி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். மற்றபடி அவளுக்கு அம்மா நினைவு வருவது அபூர்வம். போன செப்டம்பரில் அதிசயமாக ஒரு போட்டோ அனுப்பினாள். அவள் கல்லூரிக் கலைக்கூடத்தின் வாசலில் ஒட்டியிருந்த போஸ்டர் அது. அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு ஜெர்மன் பெண் ஓவியர், அவருடைய ஐம்பது வருட ஓவியங்கள் முதல்முறையாக ஒரே இடத்தில், அக்டோபர் கடைசி வரை. கீழே, "அம்மா, இஸ் திஸ் யுவர் ஜெர்மன் ஆன்ட்டி?" என்று கேட்டிருந்தாள்.

நான் அப்போது டெக்சாஸில், கேட்டி என்ற ஊரில், எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு மீட்டிங்கை மியூட்டில் போட்டுவிட்டு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். போஸ்டரில் அவர் முகம் இருந்தது. அதே வெள்ளைக் கொண்டை, அதற்குள் குத்தி வைத்த பென்சில். பெயருக்குக் கீழே பிறந்த வருடமும் இறந்த வருடமும் அச்சடித்திருந்தார்கள். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்பதே எனக்கு அந்த போஸ்டரைப் பார்த்துத்தான் தெரிந்தது. எப்பேர்ப்பட்ட மனுஷி நான் என்று என்னையே திட்டிக்கொண்டு கத்தியைக் கீழே வைத்தேன்.

"கலிஃபோர்னியா போகணும்ங்க," என்றேன் வீட்டுக்காரரிடம்.

"பாப்பாவைப் பாக்கவா?"

"ஜெர்மன் ஆன்ட்டியோட எக்ஸிபிஷன்."

அவர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினார். "நீதான் அந்தம்மாகிட்ட பேச்சை விட்டுட்டியே. கெளம்பறப்போகூட ஒரு பை சொல்லல."

"அதனாலதாங்க போகணும்."

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவர் என்னை வரையத் தொடங்கிய படம் ஒன்று இருந்தது. அது பாதியில் நின்றுபோனதற்குக் காரணம் நான். அதை வைத்திருந்தாரா, கிழித்துப் போட்டாரா, இல்லை அதன்மேல் வெள்ளை அடித்து வேறு எதையாவது வரைந்துவிட்டாரா? இத்தனை வருடம் கேட்கத் துணியாத கேள்வி. கேட்க இனி ஆளும் இல்லை.

கல்யாணமாகி வந்த புதிதில் சான்டா கிளாராவில் அவர் வீட்டின் பின்கட்டில்தான் குடியிருந்தோம். பின்கட்டு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கார் ஷெட்டைத் தடுத்து ஓர் அறையாக்கி, ஓர் அடுப்பும் வைத்திருந்தார்கள். வீட்டுக்காரர் காலையில் ஆபீஸ் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். எனக்கு வந்திருந்தது வேலை பார்க்க அனுமதியில்லாத டிபெண்டென்ட் விசா. கார் ஓட்டவும் தெரியாது. கம்ப்யூட்டர் படிப்பில் முதல் வகுப்பு வாங்கியவள், பின்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். ஊரில் என் வாய்க்கு எல்லாரும் பயப்படுவார்கள். இங்கே பேச ஆளே இல்லாததால் வாயும் துருப்பிடிக்க ஆரம்பித்திருந்தது.

அவருக்கு அப்போதே எழுபது இருக்கும். கணவர் இல்லை. ஒரு இன்ஜினியரிங் கம்பெனியில் வரைபடம் போடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டு ஹாலில் சோபா இருக்க வேண்டிய இடத்தில், படம் வரைய வைக்கும் ஈசல் ஸ்டாண்ட் நிற்கும். மாட்ட இடமில்லாமல் பாத்ரூம் சுவரில்கூடப் படங்களைச் சாய்த்து வைத்திருப்பார். காலியான பார்க்கிங் லாட், கொடியில் காயும் துணி, யாருடையவோ முழங்கை, இப்படித்தான் இருக்கும் எல்லாம். "ஆன்ட்டி, நல்லதா ஒரு பூ வரையக்கூடாதா?" என்று ஒருநாள் கேட்டேன். பூவுக்கு ஏற்கனவே போதுமான ஆட்கள் இருக்கிறார்கள், பார்க்கிங் லாட்டுக்குத்தான் யாருமில்லை என்றார். ஆன்ட்டி என்று கூப்பிட்டதற்கும் முதலில் முறைத்தார். அண்ணன் மகள் ஒருத்திக்கு மட்டும்தான் தான் ஆன்ட்டி என்று விளக்கம் வேறு. நான் விடவில்லை.

ஒருநாள் பின்படிக்கு வந்து, என்னை வரைய வேண்டும் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளே ஓடிப்போய்க் கூறைப் புடவையைக் கட்டி, நகையெல்லாம் போட்டுக்கொண்டு வந்து நின்றேன். அவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, முன்பு போட்டிருந்ததையே போட்டுக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பினார். முன்பு போட்டிருந்தது நைட்டி. ஊரிலிருந்து கொண்டுவந்த, மெரூனில் மஞ்சள் பூப்போட்ட பருத்தி நைட்டி, மேலே ஒரு துண்டு. மடியில் பூண்டுத் தட்டு. அந்தக் கோலத்தில்தான் என்னை உட்கார வைத்தார்.

கையும் நைட்டியும் சீக்கிரம் முடிந்துவிட்டன. முகத்தில்தான் மாட்டிக்கொண்டார். மத்தியானம் இரண்டு மணிக்குப் பின்வாசல் வெளிச்சம் என் கன்னத்தில் விழும்போது வரும் நிறம் எந்த ட்யூபிலும் இல்லையாம். ஒரு தடித்த கண்ணாடிப் பலகையின் மேல் சாயங்களைப் பிசைந்து பிசைந்து, கத்தி நுனியில் எடுத்து என் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பார். உதட்டைப் பிதுக்குவார். மறுபடி பிசைவார். பெண் பார்க்க வந்தவர்கள் "மாநிறம்" என்று நாசூக்காகச் சொல்லிவிட்டுப் போன நிறம் இது. அதைத் தேடி ஒருவர் தினமும் இரண்டு மணி நேரம் மெனக்கெடுகிறார் என்பது எனக்கு முதலில் வேடிக்கையாகவும், போகப்போக ரொம்பச் சந்தோஷமாகவும் இருந்தது. அந்த நாட்களில் கண்ணாடி பார்ப்பதே எனக்குப் பிடித்துப்போயிற்று.

அக்டோபரில் மூன்று நாள் அண்ணன் மகள் வீட்டுக்குப் போனார். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதில் ஒருநாள் சரஸ்வதி பூஜை.

ஊரில் அன்றைக்கு வீடே அல்லோலகல்லோலப்படும். எனக்கு இங்கே பூஜையில் வைக்க எதுவுமில்லை. வீட்டுக்காரரின் லேப்டாப்பைக் கேட்டால், "இன்னைக்கு சாஃப்ட்வேர் ரிலீஸ்டி, பொட்டு எல்லாம் வெச்சா மேனேஜர் சிரிப்பான்" என்று தூக்கிக்கொண்டு போய்விட்டார். வேலையே இல்லாதவளுக்கு ஆயுதம் எங்கிருந்து வரும்? காய் நறுக்கும் கத்திக்கு ஒரு பொட்டை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். செடிக்குத் தண்ணீர் ஊற்ற முன்வீட்டுக்குள் போனபோதுதான் அது கண்ணில் பட்டது. ஹால் முழுக்க ஆயுதங்கள். ஜாடி ஜாடியாக பிரஷ்கள். வாங்கிய நாளிலிருந்து ஒரு நாள்கூட லீவு கிடைக்காத பிரஷ்கள்.

முந்தானையை இழுத்துச் செருகாத குறைதான். மேஜையைத் துடைத்தேன். ஜன்னலைத் துடைத்தேன். நாற்பதுக்கு மேல் பிரஷ்கள், ஒவ்வொன்றாக எண்ணெயில் தோய்த்து, சோப்புப் போட்டு அலசி, துண்டில் வரிசையாகக் காய வைத்தேன். கண்ணாடிப் பலகையை மட்டும் காணோம். கடைசியில் ஃப்ரீஸரில் இருந்தது, பட்டாணிப் பாக்கெட்டுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் தாளில் சுற்றி. பாவம், வயதாகிவிட்டது, மறதியில் எதை எங்கே வைக்கிறார் பார் என்று உச்சுக் கொட்டினேன். வெந்நீர், தேங்காய் எண்ணெய், அப்புறம் சோப்பு. ஒரு மணி நேரம் தேய்த்தேன். முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது.

காலண்டர் சரஸ்வதி ஒன்றைச் சுவரில் சாய்த்து, முன்னால் பிரஷ்களைப் பரப்பி, ஒவ்வொரு பிடியிலும் சந்தனம், குங்குமம் வைத்தேன். பொரி, பொட்டுக்கடலை, வாழைப்பழம். அவர் திரும்பி வந்தால் தெரிய வேண்டுமே என்று ஒரு சீட்டும் எழுதினேன். இன்றைக்கு இவற்றுக்கு லீவு, தயவுசெய்து தொடாதீர்கள், நாளைக் காலையில் எடுத்து ஒரு கோடாவது போடுங்கள்.

சீட்டுக்கு வேலையில்லாமல் அவரே ஒருநாள் முன்னதாக, அன்று மத்தியானமே வந்துவிட்டார். வழியெல்லாம் என் முகத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்ததாகவும், இப்போது பிடிபட்டுவிட்டது என்றும் சொல்லிக்கொண்டே, கோட்டைக்கூடக் கழற்றாமல் ஃப்ரீஸரைத் திறந்தார். நான் பெருமையாக மேஜையைக் காட்டினேன்.

சாயம் உலராமல் இருக்கத்தான் அதை ஃப்ரீஸரில் வைப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

கண்ணாடியைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அது உன் முகம்," என்றார். அதைத் திரும்ப மேஜையில் வைத்து, "மூன்று வாரம்," என்றார். கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் கத்தவில்லை. தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். எனக்கோ ரோஷம். காலையிலிருந்து முதுகு ஒடியத் தேய்த்தவளுக்கு ஒரு நல்ல வார்த்தை கிடையாதா என்று மூக்குக்கு மேல் கோபம். அவரும் கூப்பிடவில்லை. அதன்பின் இரண்டு மாதம், குப்பைத் தொட்டியை வெளியே வைக்கும்போது ஹலோ, அவ்வளவுதான். வீட்டுக்காரருக்கு ஹூஸ்டனில் வேலை கிடைத்துக் கிளம்பிய அன்று, சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வைத்துவிட்டுக் காரில் ஏறினேன். ஜன்னலில் அவர் நிற்பது தெரிந்தது. நான் சீட் பெல்ட்டைச் சரி செய்வதுபோலக் குனிந்துகொண்டேன்.

அப்புறம் கிரீன் கார்டு வந்தது, வேலை கிடைத்தது, மகள் பிறந்தாள், வீடு வாங்கினோம். ஒரு கடிதம் போட்டிருக்கலாம். வருடம் ஆக ஆக, இவ்வளவு நாள் போடாதவள் இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு போடுவது என்று ஆகிவிட்டது.

கலைக்கூடம் சின்னதுதான், இரண்டே அறை. வாசலில் மேஜை போட்டு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார், அறுபதைத் தாண்டியவர். அவர்தான் ஆன்ட்டியின் அண்ணன் மகள் என்று என் மகள் விசாரித்துச் சொன்னாள். நான் போய்ப் பேசவில்லை. முதல் அறையில் பார்க்கிங் லாட்டுகள். அப்போது வெறும் தார் ரோடாகத் தெரிந்தவற்றை இப்போது நின்று பார்க்க முடிந்தது. மழை விட்டதும் தரையில் மிச்சமிருக்கும் வெளிச்சத்தை அவர் மட்டும்தான் கவனித்திருக்கிறார் என்று தோன்றியது. ஆனாலும் மனசு அதில் நிற்கவில்லை. கண் நைட்டியைத் தேடிக்கொண்டிருந்தது.

இரண்டாவது அறையின் கடைசிச் சுவரில் இருந்தது.

கிழிக்கவில்லை. வெள்ளை அடிக்கவில்லை. மெரூன் நைட்டி, மஞ்சள் பூக்கள், பூண்டுத் தோல் ஒட்டிய விரல்கள், எல்லாம் அப்படியே. முகத்தில் மட்டும் பச்சை கலந்த சாம்பலில் அடிப்பூச்சு. கண்ணும் மூக்கும் லேசான கோடுகள். மூக்குத்தி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. பக்கத்தில் சின்ன அட்டை: அடையாளம் தெரியாத பெண், முடிக்கப்படாதது.

"ஓ மை காட், அம்மா," என்றாள் மகள். "யூ ஆர் இன் அ நைட்டி. இன் அ மியூசியம்."

"சும்மா இருடி," என்றேன். கண் நிறைந்துவிட்டது. வைத்திருந்தார் என்பது சந்தோஷம். முடிக்கப்படாதது என்று எழுதியிருந்ததைப் படிக்கும்போது, என் பெயரைப் போட்டு இன்னார் கெடுத்தது என்று எழுதியிருப்பதுபோலவே இருந்தது.

மகளுக்கு அழும் அம்மாவை எப்படிக் கையாள்வதென்று தெரியாது. என் முழங்கையைப் பிடித்து, அறை நடுவில் இருந்த கண்ணாடிப் பெட்டிப் பக்கம் இழுத்துப் போனாள். உள்ளே அவருடைய பிரஷ்கள். ஒவ்வொன்றின் பிடியிலும் சிவப்பாக ஒரு புள்ளி. குங்குமம் ஒட்டாது என்று தெரிந்துகொண்டு பெயின்ட்டிலேயே வைத்திருக்கிறார். ஒருமுறை வைத்தது இல்லை. புள்ளியின் மேல் புள்ளியாக, வருடக்கணக்கில் வைத்து வைத்து, மிளகு அளவுக்குப் புடைத்திருந்தது. அட்டையில், இந்தக் குறிகளின் பொருள் தெரியவில்லை என்று போட்டிருந்தது.

நான் பெட்டியின் மேல் இரண்டு கையையும் ஊன்றி நின்றதைப் பார்த்து, வாசலில் இருந்த அம்மாள் எழுந்து வந்தார். எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள் என்று அவராகவே தொடங்கினார்.

"எங்களுக்கும் தெரியவில்லை. வருடத்தில் ஒரே ஒரு நாள் ஆன்ட்டி படம் வரைய மாட்டார். எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, இந்தச் சிவப்பை வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். யாரும் தொடக்கூடாது. மாமா இறந்த நாளோ என்று நினைத்தேன், ஆனால் அது மார்ச்சில். இது ஒவ்வொரு வருடமும் தேதி மாறும். ஆகஸ்ட் வந்துவிட்டால் இந்தியன் ஸ்டோருக்குக் கூட்டிப் போகச் சொல்லி நச்சரிப்பார். கல்லாவில் இருப்பவரிடம் இந்த வருடம் எந்த நாள் என்று கேட்டு, உள்ளங்கையில் எழுதிக்கொள்வார். காற்றுப்போல ஒரு அரிசி விற்பார்களே, அதில் ஒரு பாக்கெட் வாங்குவார். கடைசி வருடம் கை நடுங்கியது. அவர் சொல்லச் சொல்ல நான்தான் வைத்தேன்."

"அந்தப் படத்தில் இருப்பது நான்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். உட்கார நாற்காலி கொண்டுவரச் சொன்னார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சாவி, ஃப்ரீஸர், தேங்காய் எண்ணெய், சீட்டு, சீட் பெல்ட். மகளுக்கே அதில் பாதி தெரியாது. சொல்லி முடித்து, இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டேன். "என்மேல் கோபமாகவே இருந்தாரா?"

"அவருக்கு எல்லார்மேலும் கோபம்தான்," என்று அவர் சிரித்தார். பிறகு யோசித்து, நிதானமாகச் சொன்னார். "இந்தப் படத்தைச் சமையலறையில், தான் சாப்பிட உட்காரும் இடத்துக்கு எதிரே மாட்டியிருந்தார். விலைக்குக் கேட்டவர்களுக்குத் தரவில்லை. எப்போதாவது ஒரு மத்தியானம் அந்த நிறத்தைக் கலந்து பார்ப்பார். வராது. கண்ணாடியைக் கழுவி வைத்துவிட்டு, 'அந்தப் பெண் என்னைவிட நன்றாகக் கழுவுவாள்' என்பார். எந்தப் பெண் என்று நான் கேட்டதில்லை."

நான் அழுததையும் சிரித்ததையும் அங்கே இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்காட்சி அக்டோபர் கடைசி வரை இருக்கிறது, அந்த நாள் அதற்குள் வந்துவிடும் இல்லையா, பெட்டியைத் திறந்து இந்த வருடமும் வைத்துவிடலாம், நீங்கள் இருக்கும்போது இனி நான் ஏன் கடைக்காரரைக் கேட்க வேண்டும் என்றார். பையிலிருந்து பேனாவை எடுத்து, அவர் அத்தையைப் போலவே உள்ளங்கையை விரித்தார்.

"சொல்லுங்கள், இந்த வருடம் எந்த நாள்?"

எனக்குத் தெரியவில்லை. வேலை கிடைத்த முதல் வருடம் லேப்டாப்புக்குப் பொட்டு வைத்தேன். அடுத்த வருடம் அன்றைக்கு ரிலீஸ் இருந்தது. அதற்கடுத்த வருடமும் ஏதோ இருந்தது. அப்புறம் யாராவது வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்பினால் கும்பிடும் கை ஒன்றைத் திருப்பி அனுப்புவதோடு சரி, அதுவும் மீட்டிங்குக்கு நடுவில். எனக்குக் கிடைத்த ஆயுதத்துக்கு அதன்பின் நான் ஒருநாள்கூட லீவு விட்டதில்லை.

மகள் போனை எடுத்துத் தேட ஆரம்பித்திருந்தாள். அந்த அம்மாள் பேனாவோடு காத்திருந்தார். நான் கண்ணாடிப் பெட்டியின் பக்கம் திரும்பி, "ஸாரி ஆன்ட்டி," என்றேன். இத்தனை வருடத்தில் நான் அவரிடம் கேட்ட முதல் மன்னிப்பு அதுதான். பலகையைக் கழுவியதற்காக நான் அதைக் கேட்கவில்லை.